வடிவமைப்பு வகுப்பில் குறை சொல்லும் முறை

திருகோணமலையில் வரைகலை வடிவமைப்பு டிப்ளோமா மாணவருக்குக் கற்பித்துவரும் எனக்கு, முதல் தவணையில் செய்த ஒரு பிழை இன்னும் உறுத்துகிறது. கன்னியா வெந்நீரூற்றுக்கு வருவோருக்காக ஒரு மாணவி சுவரொட்டி செய்திருந்தார். இருபது பேர் முன்னிலையில் "இது சரியில்லை, திரும்பச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். எது சரியில்லை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த கிழமை அவர் கொண்டுவந்தது, இணையத்தில் கிடைத்த மாதிரி ஒன்றில் பெயரை மட்டும் மாற்றிய வேலை. முதல் தாளில் அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் ஏழு வட்டங்களாக்கி, சூடு கூடக்கூட நிறம் சிவப்பேறும்படி தன் கையால் தீட்டியிருந்தார். அந்த எண்ணத்தைக் கைவிடச் செய்தது என் ஒற்றை வாக்கியம்தான்.

பரீட்சைக்கு ஒரே விடையை எழுதிப் பழகி வரும் மாணவர், வடிவமைப்பிலும் "மிஸ், எது சரி எண்டு சொல்லுங்கோ" என்றே கேட்கிறார்கள். தோழரின் வேலையைப் பற்றிக் கேட்டால், மனம் நோகக்கூடாது என்று "நல்லா இருக்கு" என்பார்கள், அல்லது பேசாதிருப்பார்கள். தமிழ், சிங்கள மாணவர் சேர்ந்திருக்கும் வகுப்பில் அந்த மௌனத்துக்கு மொழித் தயக்கமும் காரணமாகலாம் என்பதைப் போதனாசிரியர் மறக்கலாகாது.

ஆகவே இப்போது ஒழுங்கை மாற்றியிருக்கிறேன். வேலைகளைத் தரையில் பரப்பி, சில நிமிடங்கள் யாரும் பேசாமல் பார்க்கிறோம். பிறகு ஒவ்வொருவரும் தம் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே நின்றது என்பதை மட்டும் தமக்கு இயல்பான மொழியில் சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு அங்கே இடமில்லை. வரைந்தவர், யாருக்காக, எந்தத் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக வரைந்தேன் என்று விளக்கிய பின்னரே திருத்தங்கள் பேசப்படும். நான் கடைசியாகத்தான் பேசுவேன், ஏனென்றால் ஆசிரியர் வாய் திறந்ததும் மற்றவர்களின் கண்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகின்றன. 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியிலும், அங்கே கற்பித்த ஜோசஃப் அல்பேர்ஸ், தாளை வெட்டியும் மடித்தும் செய்யும் பயிற்சிகளைக் கொடுத்து, அவற்றைத் தரையில் வைத்து மாணவரோடு சுற்றி நின்று பேசினார். மின்சாரம் நின்றாலும் நிற்காத வகுப்பு அது. நாங்கள் இந்த முறையைப் பின்பற்ற அதுவும் ஒரு காரணம்.

எங்கள் மாணவருக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவது தமிழ் எழுத்துக்கே. பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெரு வரை நடந்து, மும்மொழிப் பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்து வருவது இரண்டாம் தவணையின் முதல் ஒப்படை. சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அளந்த பெட்டிக்குள் நீண்ட தமிழ்ச் சொல்லை அடைப்பதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கியிருப்பதையும், மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் ஒன்றில் ஒன்று முட்டுவதையும் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு கணினிக்கு வருகிறோம். ‘கொடி’ என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னே கொம்பும் (ெ) பின்னே அரவும் (ா) நிற்க வேண்டும். இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி முடுக்கப்படாத மென்பொருளில் கொம்பு பின்னே ஓடிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் போல இடைவெளி விட்டுப் பரப்பினால் கொம்பு தன் எழுத்தை விட்டுத் தனித்து நிற்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தும், அச்சகங்களுக்காகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிடும் பழக்கம் இங்கே நீடிக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். இவற்றை விளங்கிக்கொண்ட மாணவர் "நல்லா இருக்கு" என்பதை விட்டு, "கொம்பு பிரிஞ்சு நிக்குது" என்கிறார். அப்படிச் சொன்னால் வரைந்தவருக்கு மனம் நோவதில்லை, திருத்த வேண்டிய இடமும் தெரிந்துவிடுகிறது.

இணைய மாதிரிகளையும் செயற்கை நுண்ணறிவு தரும் படங்களையும் நான் தடை செய்யவில்லை. ஆனால் 100 புள்ளிகளில் 40 புள்ளிகளை முதற்கீறல்களுக்கும், கைவிட்ட யோசனைகளுக்கும், அவற்றை ஏன் கைவிட்டார் என்ற விளக்கத்துக்கும் ஒதுக்கியிருக்கிறேன். இறுதிப் படத்தை மட்டும் பார்த்துப் புள்ளி இட்டால் யார் யோசித்தார் என்பது நமக்குத் தெரியவே வராது.

நேரம்தான் தீராத சிக்கல். இருபது பேருக்கு ஐந்து நிமிடம் வீதம் 100 நிமிடங்கள் வேண்டும்; மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் அதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஐவர் ஐவராகப் பிரித்து, தூரத்திலிருந்து வருவோரின் வேலையை முதலில் எடுப்பது ஓரளவு உதவுகிறது. அவசரத்தில் நானும் பழையபடி பேசிவிடுவதுண்டு என்பதால், ஒவ்வொருவருக்கும் சொன்னதை ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். ‘சரியில்லை’ என்று எழுதிக் காரணம் எழுதாத இடம் கண்ணில் பட்டால், அடுத்த வகுப்பு தொடங்குமுன் அந்த மாணவரின் மேசைக்குப் போய், தாளை மீண்டும் விரிக்கச் சொல்லி, காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் வரவு எடுக்கிறேன்.