கொங்கு நாட்டுக்கு ரோமக் காசைக் கொண்டுவந்த காற்று

கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் ரோம வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமப் பேரரசர்கள் காலத்தவை. கரூரிலும் கிடைத்திருக்கின்றன. கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கு இவ்வளவு ரோமக் காசு எப்படி வந்தது?

பதில் கேரள எல்லை வாளையாரில் நிற்பவர் முகத்திலேயே வந்து அடிக்கும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டிலும் 2,600 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். நடுவில் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகிக்கொள்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாயின் தரை கடல் மட்டத்திலிருந்து சராசரியாக நூற்றைம்பது மீட்டர்கூட வராது, மாட்டு வண்டி திணறாமல் போய்விடும். ஆடியில் அதன் வழியாக மேற்குக் காற்று நம் பக்கம் தள்ளும், மார்கழி தையில் கிழக்குக் காற்று திருச்சூர் வரை போய் வீசும். கணவாயிலுள்ள கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது சும்மாவா?

கடலில் நடந்ததும் இதே காற்றுதான். கோடையில் ஆசிய நிலப்பரப்பு கொதிக்க, அங்கே காற்றழுத்தம் குறைந்து, கடல் காற்று தென்மேற்கிலிருந்து பாய்ந்து வரும்; குளிர்காலத்தில் நிலம் ஆறியதும் எல்லாம் தலைகீழ். எகிப்தின் பெரெனிகே துறைமுகத்திலிருந்து நடுக்கோடையில் கப்பல் புறப்படும், செங்கடல் வாயிலிலிருந்து நாற்பது நாளில் கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகம் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அதைவிடச் சீக்கிரம் கிளம்பினால் ஆபத்து, ஏனென்றால் மழை உச்சத்தில் இருக்கும்போது நம் மேற்குக் கரையைக் கப்பல் நெருங்கவே முடியாது. திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை காத்திருக்கணும், அதாவது மார்கழி வாக்கில்தான் பாய் விரிப்பார்கள்.

அப்புறம், மிளகு மலையாளக் கரையிலேயே கிடைத்துவிடும். பெரில் என்ற பச்சைக்கல் வேண்டுமென்றால் கணவாய்க்கு இந்தப் பக்கம்தான் வரணும். காங்கேயம் பக்கத்துப் படியூரில் அந்தக் கல் கிடைத்தது, நொய்யல் கரைக் கொடுமணலில் அதை மணியாக்கும் பட்டறைகள் இருந்ததை அகழாய்வில் பார்த்தாயிற்று. கல் மேற்கே போச்சு, வெள்ளி கிழக்கே வந்தது.

அந்த வெள்ளியையும் நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. தினாரியஸ் என்ற அந்தக் காசு நம் ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் சின்னது, எடை கிட்டத்தட்ட 4 கிராம். கி.பி. 64இல் ரோமப் பேரரசன் நீரோ அதன் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். அதற்குப் பிறகு அடித்த தினாரியஸ்கள் தென்னிந்தியாவில் அபூர்வமாகத்தான் கிடைக்கின்றன. காசில் இருக்கும் பேரரசன் முகத்தைப் பார்க்காமல் வெள்ளியைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.