மூலப்பாறையா, ஊற்றுப்பாறையா?

யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஐயா கேட்டார்: "தம்பி, மன்னார்க் கடலுக்குள்ள காஸ் இருக்கெண்டு அப்ப பேப்பரில போட்டவங்கள். எங்கட தீவுப் பாறைக்குள்ளயும் எண்ணெய் இருக்குமோ?"

அவர் சொன்னது 2011 இல் மன்னார்ப் படுகையில் கெயார்ன் நிறுவனம் துளையிட்டு எரிவாயு கண்ட செய்தி. பதில் சொல்ல வாயெடுத்தால், எந்தப் பாறை என்று பிரிக்காமல் சொல்ல முடியவில்லை. எண்ணெய் உருவாகும் பாறை வேறு, அது போய்ச் சேரும் பாறை வேறு. முதலாவதற்குத் தமிழில் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம்: மூலப்பாறை, ஊற்றுப்பாறை, தாய்ப்பாறை.

பெற்றோலியத்திலிருந்தே தொடங்கலாம். 'பெட்ரா' என்றால் பாறை, 'ஓலியம்' என்றால் எண்ணெய். கல்நெய் என்றால் கணக்குச் சரி. பழைய தமிழில் நெய் என்பது எல்லா எண்ணெய்க்கும் பொது. எள்ளின் நெய்தான் எண்ணெய். அப்படிப் பார்த்தால் மண்ணெண்ணெய் என்பது மண்ணில் கிடைக்கும் எள் நெய்! பிழை கண்டுபிடித்து என்ன பயன், போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சொட்டுப் பெற்றோல் விட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணி மிச்சத்தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது, அந்தச் சொல்லை யாரும் மாற்ற முடியாது.

சரி, மூன்று பெயருக்கு வருவோம். தாய்ப்பாறை என்று பள்ளிக்கூடப் புவியியலில் படித்தது, உடைந்து உக்கி மண்ணாகிற பாறையை. அதை இங்கே இழுத்தால் குழப்பம். ஊற்றுப்பாறை கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் யாழ்ப்பாணத்தில் ஊற்று என்றால் கிணறு வெட்டும்போது கல்வெடிப்பால் தண்ணீர் வருகிற இடம். எண்ணெய் அப்படி இந்தப் பாறையிலிருந்து ஊறி வருவதில்லை. இது பெரும்பாலும் கறுத்த களி இறுகிய, நுண்துளைகூட ஒழுங்காக இல்லாத பாறை. உள்ளே உண்டான எண்ணெய் அமுக்கத்தில் பிதுங்கி மேலேறி, துளையுள்ள வேறொரு பாறையில் தங்கும். அது தேக்கப்பாறை. எண்ணெய்க் கிணறு துளைப்பது பொதுவாக அதைத்தான். ஆகவே என் தெரிவு மூலப்பாறை.

அந்தக் கறுப்புக்குக் காரணம் சேதனப் பொருள். ஒட்சிசன் குறைந்த நீரடியில் பாசியும் நுண்ணுயிரும் உக்காமல் புதைந்து, பின்னால் எண்ணெயாக மாறக்கூடிய கெரோஜன் என்ற திண்மப் பொருள் ஆகின்றன. கிரேக்கத்தில் 'கேரோஸ்' என்றால் மெழுகு. இரசாயனவியலாளர் கிரம் பிரவுன் 1906 இல் ஸ்கொட்லாந்துக் களிப்பாறையை வைத்து அந்தப் பெயரைக் கட்டினார். கெரோசினுக்கும் அதே வேர். தமிழில் மெழுகீனி என்று சொல்லிப் பார்க்கலாம், நிலைக்குமா என்பது வேறு கதை.

கெரோஜன் மட்டும் போதாது, வேக வேண்டும். 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரை எண்ணெய், 150ஐத் தாண்டினால் பெரும்பாலும் வாயுதான். ஆங்கிலத்தில் இதை ஒரு ஜன்னல் என்கிறார்கள், நம்மவர்களும் எண்ணெய்ச் சாளரம் என்று அப்படியே பெயர்த்துவிட்டார்கள். பனங்கட்டி காய்ச்சுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இது கோபம் வருகிற மொழிபெயர்ப்பு! கருப்பநீர் கொதித்துத் தடித்து வரும்போது ஒரு சொட்டைப் பச்சைத்தண்ணியில் விட்டுப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் காணாது. உருண்டு திரண்டால் இறக்கிக் குட்டானில் ஊற்றலாம். கொஞ்சம் விட்டால் கருகிக் கசக்கும். இதற்குப் பதம் என்ற சொல் இருக்கும்போது சாளரம் எதற்கு? எண்ணெய்ப் பதம் என்றாலே விளங்கிவிடும்.

மூலப்பாறை மதிப்பீடும் பதம் பார்ப்பதுதான். முதலில் மொத்த சேதனக் காபன்: களிப்பாறையில் 0.5 வீதத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம், 2க்கு மேலே நல்ல சரக்கு. அப்புறம் ஒரு சிட்டிகைப் பொடியை, 100 மில்லிகிராம்கூட வராது, ஒட்சிசன் இல்லாமல் 300 பாகையிலிருந்து மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். கெரோஜன் உடைந்து வாயு மிக அதிகமாக வெளியேறும் வெப்பநிலையைக் குறிப்பார்கள். அது 435க்குக் கீழே என்றால் வேகாத பாறை, 470ஐத் தாண்டினால் எண்ணெய்ப் பதம் தப்பிவிட்டது. காபன் எவ்வளவு இருந்தாலும் பதமில்லாவிட்டால் எண்ணெய் இல்லை.

இனி ஐயாவின் பாறை. நெடுந்தீவுக் கல்வேலியில் ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள்: வெளிறிய நிறம், ஓட்டை ஓட்டையாக, இடையிடையே சிப்பியும் பவளமும். குடாநாட்டுக்கு அடியிலுள்ள சுண்ணாம்புக்கல், பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தில் ஆழமில்லாத, வெளிச்சமும் ஒட்சிசனும் உள்ள கடலில் படிந்தது. சேதனப் பொருள் தங்க வழியில்லை, வேகும் ஆழத்துக்குப் புதையவும் இல்லை. இதை மூலப்பாறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். துளை நிறைய இருப்பதால் தண்ணீருக்கு நல்ல தேக்கம், அவ்வளவுதான்.

ஆனால் காவேரிப் படுகை என்ற படிவுப்பாறைப் பள்ளம் நாகப்பட்டினத்தோடு நிற்பதில்லை, பாக்கு நீரிணைக்கு அடியால் நம் பக்கமும் வருகிறது. அதன் அடியில், மயோசீனைவிடப் பழைய கிரட்டேசியஸ் காலக் களிப்பாறைகள் உண்டு, அரியலூரின் ஆண்டிமடம் பெயரிலேயே ஒரு படிவுத் தொகுதி இருக்கிறது. நரிமணத்தில் எண்ணெய் எடுப்பது இந்தப் படுகையில்தான். இந்தப் பக்கமும் 1974 இல் மன்னார்த் தீவின் பேசாலையில் சோவியத் உதவியோடு துளையிட்டார்கள், 1976 இல் நெடுந்தீவின் பெயரிலேயே கடலில் ஒரு கிணறு தோண்டினார்கள். விற்கிற அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "அப்ப மேல இருக்கிறது கிணத்துக்கல்லு, எண்ணெய்க்கல்லு கீழ எண்டிறீர்" என்றார். படகு வந்துவிட்டது.