குடிநோய்க்கும் மனநோய்க்கும் எப்போது அட்மிட் செய்ய வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது?

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு அன்றோடு குடியை நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். எப்போதாவது குடிக்கிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பத்துப் பதினைந்து வருடமாக, காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாமல் கை நடுக்கம் நிற்காதவருக்கு அப்படி இல்லை. முதல் நாள் வியர்க்கும், நடுங்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஜன்னி கண்டு, இல்லாத ஆளோடு பேசுவார், இல்லாத பூச்சியைச் சுவரில் தட்டுவார். வீட்டில் சாமி குத்தம் என்று பதறுவார்கள்.

அது சாமி குத்தம் அல்ல. மது மூளையை மந்தப்படுத்துகிறது. அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு பழகிவிடுகிறது. ஒரே நாளில் மதுவை நிறுத்தினால் அந்த வேகத்தைக் கட்டுப்படுத்த ஏதும் இல்லாமல் போகிறது. வலிப்பும் ஜன்னியும் அதிலிருந்து வருபவை. சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். நல்ல எண்ணத்தோடு குடியை விட்டவர் அதனாலேயே செத்துப்போவதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை இங்கிருந்து தொடங்குகிறேன்.

‘இவரை எங்கேயாவது சேர்த்துவிடலாமா?’ என்று கேட்கிற குடும்பங்கள் பெரும்பாலும் ‘இனி எங்களால் முடியாது’ என்ற நிலையில்தான் கேட்கின்றன. அந்தச் சோர்வு உண்மையானது, அதற்கும் உதவி வேண்டும். ஆனால் மருத்துவரும் சட்டமும் கேட்கிற கேள்வி வேறு. வீட்டில் வைத்துப் பார்த்தால் இவர் உயிருக்கோ, கூட இருப்பவர் உயிருக்கோ ஆபத்து வருமா? வரும் என்றால் படுக்கை வேண்டும். வராது என்றால், எவ்வளவு மோசமாகக் குடித்தாலும் முதலில் வெளிநோயாளியாகவே வைத்தியம் தொடங்கலாம்.

யாருக்குப் படுக்கை தேவை

மது விஷயத்தில் மருத்துவர் முதலில் கேட்பது, முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்போ ஜன்னியோ வந்ததா என்பதைத்தான். ஒருமுறை வந்திருந்தால் அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அவரை வீட்டில் வைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள். கல்லீரல் கெட்டிருப்பவர், இதய நோய் உள்ளவர், வயதானவர், குடியோடு தூக்க மாத்திரையும் சேர்த்துப் போட்டுப் பழகியவர், வாந்தியால் மாத்திரையே தங்காதவர் ஆகியோரும் இதே வரிசைதான். இரவில் கூட இருந்து பார்த்துக்கொள்ள யாருமே இல்லாதவருக்கும் படுக்கை வேண்டும். மருந்துகள் ஒன்றானாலும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பது முடிவையே மாற்றிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாள்கணக்கில் சாப்பிடாமல் குடித்தவரைப் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப்போய் நேராக குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். அவர் குடிக்கிறவர் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இவர்கள் உடலில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அந்த ஊசியைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

ஹெராயினுக்கும், போதைக்காகப் போடும் வலி மாத்திரை, ஊசிகளுக்கும் கணக்கு வேறு. அவற்றை நிறுத்தும்போது உடம்பு முறித்துப் போட்டது போல வலிக்கும், வயிறு போகும். ஆனால் அந்த அவதி மட்டுமே உயிரைப் பறிப்பது அரிது. அவர்களில் பலருக்குப் படுக்கையைவிட, தொடர்ந்து எடுக்கும் பியூப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்தே பலன் தரும். அதை வெளிநோயாளியாகவே வாங்கிக்கொள்ளலாம். கஞ்சா விஷயத்திலும் பெரும்பாலும் அட்மிட் தேவைப்படாது. ஆனால் கஞ்சாவோடு காதில் குரல் கேட்பது, எல்லோரும் தன்னைக் கொல்ல வருவதாக நம்புவது என்று வந்துவிட்டால், அது மனநல அவசரம்.

மனநோயில் அட்மிட் செய்யவேண்டிய நேரத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. தற்கொலைக்கு முயன்றவர், அதற்கான வழியைத் தேடி வைத்திருப்பவர், ‘செத்துப்போ’ என்றோ ‘அவனை வெட்டு’ என்றோ குரல் கேட்பதாகச் சொல்பவர், சோறு தண்ணீரைத் தொடாமல் கிடப்பவர். பிரசவமான சில நாட்களிலோ வாரங்களிலோ தூக்கமே இல்லாமல், பேச்சு குழம்பி, குழந்தையைப் பார்த்துப் பயப்படும் தாயையும் உடனே காட்டுங்கள். ‘பச்சை உடம்பு, சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

குடியும் மனநோயும் சேர்ந்திருந்தால், ‘முதலில் குடியை விடட்டும், அப்புறம் மனசைப் பார்க்கலாம்’ என்று பிரித்துச் சொல்லும் இடத்தை விட்டுவிட்டு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், நம் நாட்டில் பிரச்சினை அதிகமாக அட்மிட் செய்வது அல்ல. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு சீட்டு எழுதி வாங்கியிருந்தாலே நிலைமை மாறியிருக்கக்கூடியவர்கள் மிச்சப் பேரில் எத்தனையோ.

சட்டப்படி சேர்ப்பது எப்படி

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இப்போது நடைமுறையில் இருக்கிறது. மது, போதைப் பொருளால் வரும் மனநலப் பாதிப்புகளையும் இந்தச் சட்டம் மனநோய் என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. அதனால் இவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் போதை மறுவாழ்வு மையங்களுக்கும் இது பொருந்தும்.

முதல் வழி, அவரே சம்மதித்துச் சேர்வது, பிரிவு 86. சட்டம் இதைத்தான் வழக்கமான வழியாக வைத்திருக்கிறது. இப்படிச் சேர்ந்தவர் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்றால் அனுப்ப வேண்டும். ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க 24 மணி நேரம் வரை மட்டும் நிறுத்தி வைக்கலாம். ‘பணம் கட்டியாயிற்று, மூன்று மாதம் முடியாமல் விட மாட்டோம்’ என்பதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது.

இரண்டாவது, அவரால் சுயமாக முடிவெடுக்க முடியாதபோது அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்ப்பது, பிரிவு 89. அவர் யாரையும் எழுத்தில் நியமிக்காவிட்டால் உறவினர் அந்த இடத்தில் நிற்கலாம். ஆனால் உறவினர் கேட்டால் மட்டும் போதாது. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர், இன்னொருவர் வேறொரு மருத்துவராகவோ மனநல வல்லுநராகவோ இருக்கலாம். அண்மையில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டார் அல்லது அப்படி மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார் அல்லது அவர்களை அஞ்ச வைத்தார், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்ற மூன்றில் ஒன்றையாவது இருவரும் காண வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வேறு வழி இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

அப்படியும் 30 நாள்தான். வாரத்துக்கு ஒருமுறை, அவரால் இப்போது முடிவெடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளுக்குள், மற்றவர்கள் என்றால் 7 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளுக்கு மேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், வாரியமும் அனுமதிக்க வேண்டும்.

‘முடிவெடுக்கும் திறன்’ என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குடிக்கிறார், நம் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறார் என்பதால் மட்டும் ஒருவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. சொல்வது புரிகிறதா, செய்தால் என்ன ஆகும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா என்பதையே பார்க்கிறார்கள். இரவு போதையில் திறன் இல்லாதவருக்கு மறுநாள் காலை அது இருக்கலாம். அந்தக் காலை நேரம்தான் பேசிப் பார்க்கவும் நல்ல நேரம். நான் பார்த்தவரை, ‘உன்னை அடைத்துவிடுவோம்’ என்று சொல்லி யாரும் மனதார வந்ததில்லை. ‘கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மட்டும் ஒரு டாக்டரைப் பார்க்கலாம், நானும் வருகிறேன்’ என்றதும் பலர் வந்திருக்கிறார்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நோயாளியின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; நியமனப் பிரதிநிதி கூட இருந்தால் அவரிடம் சம்மதம் பெற வேண்டும். பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சிறாரை விதிவிலக்காக மட்டுமே சேர்க்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ முழு நேரமும் கூடவே தங்க வேண்டும். ‘பையனை விட்டுவிட்டு நீங்கள் கிளம்புங்கள்’ என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

வீட்டுக்கு வேன் அனுப்பி, நாலு ஆள் வந்து அமுக்கிப் பிடித்து, தூக்கிக்கொண்டு போவது பல ஊர்களில் நடக்கிறது. குடும்பமே ஃபோன் செய்து வரவழைக்கிறது, வேறு வழி தெரியாமல். மேலே சொன்ன பரிசோதனை எதுவும் இல்லாமல் ஒருவரை இப்படிக் கொண்டுபோய் அடைப்பது சட்டப்படியான சேர்க்கை அல்ல. அப்படிப் போனவர் திரும்பி வந்தபின் வீட்டில் யாரையும் நம்ப மாட்டார். அடுத்த முறை நிஜமாகவே மருத்துவமனை தேவைப்படும்போது, மருத்துவமனை என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுவார்.

இன்னொன்று, குடிக்க விடாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுப்பது. அது உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், உயிரே போகலாம். அவரும் அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியைத் தடை செய்கிறது. தனியறையில் அடைத்துவைப்பதும் கூடாது.

அதனால் போன உடனே, மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு இல்லாமல் நடத்துவதற்கு முதல் முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மனநல மருத்துவர் எந்த நாளில் வருவார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். தங்குமிடத்தையும் கழிப்பறையையும் நீங்களே போய்ப் பாருங்கள். சிகிச்சையில் இருப்பவர் தன் சொந்த உடையைப் போட்டுக்கொள்ளலாம், ஃபோன் பேசலாம், வீட்டாரைச் சந்திக்கலாம். கட்டாயமாக மொட்டை அடிப்பதும் கட்டாய வேலை வாங்குவதும் கூடாது. ‘முதல் மாதம் வீட்டார் யாரும் வரக் கூடாது’ என்று ஒரு மையம் சொன்னால், நான் அங்கிருந்து கிளம்பிவிடுவேன்.

செலவு

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். சென்னையில் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் தமிழக அரசு தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அரசு மனநலச் சிகிச்சை இலவசம் என்பது சட்டம் தரும் உரிமை. தனியார் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும். ஆனால் குடி, போதைச் சிகிச்சைக்குப் பல பாலிசிகளில் தனி விலக்கு எழுதியிருப்பார்கள். சேரும் முன்பே அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

போதைப் பொருள் என்பதால் வழக்கு வருமோ என்று பயந்து ஒளிந்திருப்பவர்களுக்கு ஒன்று. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 64ஏ இருக்கிறது. போதைப் பொருளை உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கான வழக்கு நடவடிக்கையிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவானாலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போதைக்கென்று 14446, மாநில மருத்துவ உதவிக்கு 104.

வீடு திரும்பும் நாள்

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பெயர்களும் அடுத்து வரவேண்டிய தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் சந்திப்பு ஒரு வாரத்துக்குள் இருப்பது நல்லது. ஹெராயினோ வலி மாத்திரையோ விட்டு வருகிறவருக்கு இந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய நினைப்பில் அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். மறுபடி போட்டுவிட்டால் ஒளிக்காமல் அன்றே சொல்லலாம், யாரும் திட்ட மாட்டோம் என்று அவருக்கு வாக்குக் கொடுங்கள்.