மாலை ஆறு மணிக்கு நாம் கேட்கும் கேள்வி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவி வேளாண்மை அலுவலர் முதல் சில மாதங்களில் என்ன கற்றுக்கொள்கிறார் என்று தெரிய வேண்டுமா? அவருடைய பயிற்சிச் சான்றிதழை விடுங்கள். மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரி அவரிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "இன்னைக்கு எத்தனை மண் மாதிரி?" "உழவன் செயலியில எத்தனை பதிவு?" "போட்டோ எங்கே?" தினமும் எண்ணிக்கையையே கேட்டால் அவரும் எண்ணத்தான் பழகுவார், வேறென்ன செய்வார்?

களப்பணியில் தொடங்கி, பிறகு வட்டார அளவில் மேற்பார்வைக்கு வந்தவன் நான். அந்தக் கேள்விகளை நானும் கேட்டிருக்கிறேன். கேட்கச் சொல்லி எனக்கு மேலிருந்தும் வரும். அதனால் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. என் கையால் கெட்டதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளத்தில் அமெரிக்கன் படைப்புழு இறங்கியிருந்தது. நாட்டில் அந்தப் புழு முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே அந்த ஆண்டில்தான், கர்நாடகத்தில். எங்களில் யாருக்கும் அது பழக்கமில்லை. அவசரமாக ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். தலையில் ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி என்று திரையில் படம் காட்டினார்கள். மறுநாளே ஊர்களுக்குக் கிளம்பிவிட்டோம்.

என்னோடு வந்தவர் சேர்ந்து ஐந்து மாதமே ஆன பெண் அலுவலர். எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம் என்று மருந்தும் அளவும் அவருக்கு மனப்பாடம். வரப்பில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் நிற்க, நன்றாகவே விளக்கிக்கொண்டு வந்தார். கடைசியில், "இலையெல்லாம் நல்லா நனையிற மாதிரி அடிங்க" என்றார். புழு இருப்பதோ குருத்துக்குள். இலையை நனைத்தால் மருந்துதான் வீண். நான் சட்டென்று குறுக்கே புகுந்து, "என்னம்மா, ஒரு குருத்தையாவது பிரிச்சுப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். நானே ஒரு குருத்தைப் பிரித்துக் காட்டி, முழுவதையும் விளக்கி, போகும்போது என் கைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊரில் அவருக்கு வேலையே இல்லாமல் போனது. "சார், அந்தப் பொண்ணு வேணாம், நீங்களே சொல்லுங்க" என்று எனக்குத்தான் அழைப்பு வரும். அவர் கூட்டங்களில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். போனார், போட்டோ எடுத்தார், அனுப்பினார். எண்ணிக்கையில் மட்டும் ஒரு குறையும் இல்லை!

சரிசெய்ய ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. அழைத்தவர்களிடமெல்லாம், "உங்க ஊருக்கு மேடம்தான், அவங்ககிட்ட கேளுங்க" என்று சொல்லிப் பழக்கினேன். அப்புறம், விவசாயிகள் கூடுவதற்கு அரை மணி முன்னதாகவே நாங்கள் இருவரும் வயலுக்குப் போய்விடுவோம். குருத்தைப் பிரிப்பது அவர் வேலை. ஈர மரத்தூள் மாதிரி புது எச்சம் கிடந்தால் புழு உள்ளே இருக்கிறது. காய்ந்து உதிர்ந்தால் பெரும்பாலும் போய்விட்டது. பெரிய புழுவாக இருந்தால் ஒரு குருத்தில் அனேகமாக ஒன்றுதான் கிடைக்கும், ஒன்றையொன்று தின்றுவிடும். இதையெல்லாம் நான் வாயால் சொல்லவில்லை. பத்துச் செடி பிரித்த பிறகு அவரே சொன்னார். விவசாயிகள் வந்ததும் நான் கடைசி ஆளாகப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நிறுத்திப் பேசுவோம். "எது சரியா வந்துச்சு, எங்க தடுமாறுச்சு?" என்று முதலில் அவரைத்தான் கேட்பேன். நான் சொல்ல நினைத்ததில் பாதி அவர் வாயிலிருந்தே வந்துவிடும். சரி, தவறான மருந்தளவைச் சொல்லிவிட்டால் டீக்கடை வரை பொறுக்க முடியுமா? முடியாது. அந்த மாதிரி நேரத்தில், "மேடம், அந்தப் பாக்கெட்ல இருக்கற அளவை எல்லாருக்கும் ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க" என்று பின்னாலிருந்து சொன்னால் போதும். அவரே படித்து, அவரே திருத்திக்கொள்வார்.

எண்பதுகளில் வேலை பார்த்த மூத்தவர்கள் 'டி அண்டு வி' என்று ஒரு முறையைப் பற்றிப் பேசுவார்கள். டேனியல் பெனோர் வகுத்து, உலக வங்கி உதவியோடு பல மாநிலங்களில் நடந்த பயிற்சி–பார்வையிடல் முறை. குறித்த ஊருக்குக் குறித்த நாளில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, களப்பணியாளர் போயாக வேண்டும். அதில் கோளாறும் உண்டு. மேலே முடிவான செய்தியே நஞ்சைக்கும் புஞ்சைக்கும் ஒரே மாதிரி இறங்கியது என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் மேற்பார்வையாளரின் வேலையே பணியாளரோடு வயலில் நிற்பதுதான் என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள். இன்று விரிவாக்க மையத்தில் விதை விற்பனை, மானியக் கோப்பு, பயிர்க் காப்பீடு, பயிர் அறுவடைப் பரிசோதனை என்று எல்லாம் முடித்த பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் அது நடக்கிறது. அனேகமாக மிஞ்சுவதில்லை.

மண் மாதிரியை எடுத்துக்கொள்வோம். பல ஊர்ப் பெயர் எழுதிய பைகளில் ஒரே வயலின் மண் இருந்ததை ஒரு முறை பார்த்திருக்கிறேன். பணியாளரைத் திட்டலாம், மெமோ கொடுக்கலாம். நான் ஒரு நாள் அவரோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் எல்லாம் தவிர்த்து, குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடம் பார்க்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில வி எழுத்து மாதிரி குழி வெட்டி, நெல் வயலென்றால் 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டு மண்ணைச் சீராகச் சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, அரைக் கிலோ வரும்வரை இப்படியே. இரண்டு வயல் முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்தது. நாங்கள் கொடுத்திருந்த தினசரி இலக்கை முறையாக எடுத்து ஒரு ஆளால் முடிக்கவே முடியாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லி இலக்கைக் கொஞ்சம் குறைக்க முடிந்தது. முழுதாக முடியவில்லை.

பிறகு நெல் வட்டாரத்துக்கு மாறிப் போனபோது, குழுவில் எண்ணிக்கை கேட்பதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்தேன்: "இன்னைக்கு வயல்ல பாத்ததுல உங்களுக்குப் புரியாதது என்ன?" முதல் வாரம் யாரும் பதில் போடவில்லை. தெரியாது என்று குழுவில் எழுத யாருக்குத்தான் மனசு வரும்? எனக்கே அடையாளம் தெரியாத ஒரு இலைப்புள்ளியைப் படமெடுத்துப் போட்டு, வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிய பிறகுதான் ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் புதுப்பையன் ஒருவர், நெல் வட்ட வட்டமாகக் காய்ந்திருக்கிறது, இலையில் ஒன்றுமே காணோம் என்று போட்டார். "தூரைப் பாருங்க" என்று மட்டும் எழுதினேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, அப்பிக்கொண்டு புகையான், நெல் தண்டின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. கூடவே அவரிடமிருந்து ஒரு கேள்வி: "சார், பக்கத்து வயல்ல தூருக்கு ஒண்ணு, ரெண்டுதான் இருக்கு, சிலந்தியும் இருக்கு. அவருக்கும் மருந்து சொல்லணுமா?"

புகையானைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சியை எட்டும்வரை பொறுக்கலாம், சிலந்தி இல்லையென்றால் ஒன்றே அதிகம் என்று எழுதினேன். "அப்ப காலைல மறுபடி எண்ணிட்டுச் சொல்றேன் சார்" என்றார். அன்று இரவும் பதிவு எண்ணிக்கைப் பட்டியல் மேலே போக வேண்டியிருந்தது. அவர் பெயருக்கு நேரே சுழியம் போட்டு அனுப்பினேன்.