பாலம் போனால் பணம் எங்கிருந்து வரும்? பேரிடர் நிதியும் பொதுச் சொத்துச் சீரமைப்பும்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிவிலும் ஒரே செய்தி இரண்டு விதமாக வரும். மாநில அரசு இத்தனை ஆயிரம் கோடி கேட்டது என்பது ஒன்று. மத்திய அரசு இத்தனை நூறு கோடி தந்தது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை வைத்து இரு தரப்பும் அரசியல் பேசும். ஆனால் நம் ஊர்ப் பள்ளியின் கூரை பறந்துபோனால், தரைப்பாலம் அடித்துப் போனால், குடிநீர்க் குழாய் ஆற்றோடு போனால், அதைச் சரிசெய்யும் பணம் எந்தக் கணக்கிலிருந்து, எந்த விதிப்படி, எவ்வளவு வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பொதுமக்களும் நிறுவனங்களும் நன்கொடை தரும் முதலமைச்சர் பொது நிவாரண நிதி வேறு. நாம் பேசும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி வேறு. இரண்டாவது, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 48ஆவது பிரிவின் கீழ் அமைந்த அரசுக் கணக்கு. தமிழ்நாடு போன்ற பொதுவகை மாநிலங்களில் இதில் 75 விழுக்காட்டை மத்திய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் போடுகின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மத்தியப் பங்கு 90 விழுக்காடு. எவ்வளவு என்பதைப் புயல் வந்தபின் முடிவுசெய்வதில்லை. மத்திய, மாநில அரசுகளுக்கு இடையிலான நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு, ஐந்து ஆண்டுகளுக்கான தொகையை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. 2023–24இல் தமிழ்நாட்டின் இந்த நிதி 1,200 கோடி ரூபாய். அதில் மத்தியப் பங்கு 900 கோடி, இரண்டு தவணைகளாக.

மாநிலத்தின் கையிருப்பு போதாத அளவுக்குப் பேரிடர் கடுமையாக இருந்தால்தான் தேசியப் பேரிடர் நிவாரண நிதியின் கதவு திறக்கும். அது அதே சட்டத்தின் 46ஆவது பிரிவில் வருவது, முழுக்க மத்திய அரசின் பணம். மாநிலம் சேத மனு அளிக்க வேண்டும். பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய மத்தியக் குழு வந்து பார்க்கும். குழுவின் அறிக்கை தேசிய நிர்வாகக் குழுவின் துணைக் குழுவுக்குப் போய், கடைசியில் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழுவில் முடிவாகும்.

எல்லாப் பேரிடருக்கும் இந்தப் பணம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும் என்று பன்னிரண்டைத்தான் மத்திய அரசு பட்டியலிட்டிருக்கிறது. கடலரிப்பு அதில் இல்லை. புயல் ஒரே இரவில் அறுத்த கடலோரச் சாலைக்குக் கேட்கலாம். பத்து ஆண்டுகளாக அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற சாலைக்கு இந்த வாசலில் பதில் இருக்காது. மாநில அரசு தானே அறிவிக்கும் பேரிடர்களுக்கு இந்த நிதியில் 10 விழுக்காடு வரை செலவிடலாம். தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை அப்படி அறிவித்தது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். விதிமுறை ஏடுகளில் பொதுச் சொத்துகளுக்கான பகுதியின் தலைப்பிலேயே 'உடனடித் தன்மையுள்ள பழுதுபார்ப்பு' என்ற சொற்கள் இருக்கின்றன. நம் அரசு அலுவலகங்களில் இதைத் தற்காலிகச் சீரமைப்பு என்பார்கள். எதிர்ப்பதம் நிரந்தரச் சீரமைப்பு. இந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கணக்கு புரிந்துவிடும். சாலை மீண்டும் ஓட வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், விளக்கு எரிய வேண்டும். அதற்கான செலவைத்தான் பேரிடர் நிதி முதலில் ஏற்கிறது. இடிந்ததை எடுத்துவிட்டு முன்னைவிட உறுதியாகக் கட்டுவது வெகுகாலம் இதில் சேராமலே இருந்தது. அது மாநிலத்தின் வழக்கமான பட்ஜெட் வேலை என்று வழிகாட்டு நெறிகள் வெளிப்படையாகவே சொல்லிவந்தன.

எவையெல்லாம் உடனடி வேலை? விதிமுறையின் பின்னிணைப்பு அதை நன்றாகவே விரித்துச் சொல்கிறது. அரசு ஏடுகளில் இவ்வளவு மண் வாசனையுள்ள பகுதி அபூர்வம். சாலை என்றால் உடைப்பை அடைப்பது, பள்ளம் நிரப்புவது, தண்ணீர் போகக் குழாய் பதிப்பது, அறுந்த சிறுபாலத்தைச் சரிசெய்வது, அணுகுசாலையைத் தற்காலிகமாகச் செப்பனிடுவது. பாலம் அடித்துப் போயிருந்தால் மாற்றுப்பாதை அமைப்பது. குடிநீர் என்றால் கைப்பம்பு மேடை, பொதுக்குழாய், மோட்டார், ஒழுகும் மேல்நிலைத் தொட்டி. பாசனம் என்றால் ஏரி, கண்மாய்க் கரைகளைக் கல்லும் சிமெண்டும் மணல் மூட்டையும் கொண்டு அடைப்பது, கால்வாயில் அடைந்த செடிகொடிகளை அகற்றுவது. கரையில் விழுந்த எலி வளையை அடைப்பதுகூடப் பட்டியலில் இருக்கிறது. ஏரிக்கரை உடைவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த எலி வளையின் அருமை தெரியும். கை நுழையும் துளையில் கசியத் தொடங்கும் தண்ணீர், மண்ணைக் கரைத்து வழியை அகலமாக்கிக்கொண்டே போகும். பிறகு சவுக்குக் கழிகளை ஊன்றி மூட்டை அடுக்க ஊரே திரள வேண்டியிருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையம், அதற்குப் போகும் வழி, பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், சமுதாயக் கூடம், தெருவிளக்கு, ஊர் உட்சாலை ஆகியவையும் உண்டு. தொலைத்தொடர்புத் துறை கிடையாது. அது சொந்த வருமானம் உள்ள துறை, தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது வாதம். மின்துறைக்கும் அதே வாதம்தான். ஆனால் மின்சாரம் உடனே திரும்ப வர வேண்டும் என்பதற்காக 11 கிலோவோல்ட் வரையிலான கம்பம், கம்பி, மின்மாற்றிகளுக்கு மட்டும் விலக்கு தந்திருக்கிறார்கள்.

தொகைகள்தான் வாயடைக்க வைப்பவை. 2015–20 காலத்து விதிமுறையில் ஒரு மின்கம்பத்துக்கு 4,000 ரூபாய், ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு 50,000, ஒரு மின்மாற்றிக்கு ஒரு லட்சம். சேதமடைந்த குடிநீர்க் கட்டமைப்புக்கு ஒன்றுக்கு ஒன்றரை லட்சம். பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, ஊராட்சிச் சொத்து எதுவானாலும் ஒன்றுக்கு 2 லட்சம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்துக்கு 4,000 என்று பெருக்கிப் பாருங்கள்: லட்சம் கம்பத்துக்கு 40 கோடி. புதுக்கம்பத்தின் விலை, அதை ஏற்றிவந்த லாரியின் வாடகை, வயல் சேற்றில் தோளில் சுமந்து நட்ட தொழிலாளர்களின் கூலி, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கஜாவுக்கு மாநிலம் கேட்டது சுமார் 15,000 கோடி. உயர்மட்டக் குழு ஒப்புக்கொண்டது 1,146.12 கோடி. இந்த விதிமுறைகள் 2022 அக்டோபரில் திருத்தப்பட்டன என்றாலும், ஆகும் செலவை ஈடுகட்டாமல் அலகுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறை மாறவில்லை.

மாநிலம் கேட்கும் தொகைக்கும் கிடைக்கும் தொகைக்கும் உள்ள தூரத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்காகத் தமிழ்நாடு கேட்ட சுமார் 19,692 கோடியில், தற்காலிகப் பணிகளுக்கு 7,033 கோடி. நிரந்தரப் பணிகளுக்கு 12,659 கோடி. மாநிலம் உண்மைச் செலவைக் கணக்கிட்டு மனு எழுதுகிறது. மத்தியக் குழுவோ விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெருக்குகிறது. இருவரும் இரண்டு அளவுகோல்களால் அளக்கிறார்கள். இதைச் சொல்வதால் மத்திய அரசுக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். அந்த அளவுகோலே குட்டையானது என்பதுதான் என் கருத்து.

இதற்கு மேல் ஒரு கழித்தல் இருக்கிறது. மிக்ஜாமுக்கு 285.54 கோடியும், அதே மாதம் தென்மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்துக்கு 397.13 கோடியும் ஒப்புதலாயின. ஆக மொத்தம் 682.67 கோடி. ஆனால் 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது 276.10 கோடிதான். மிச்சம்? நிதியாண்டின் தொடக்கத்தில் மாநிலப் பேரிடர் நிதியில் இருந்த இருப்பில் பாதியை, ஒப்புதலான தொகையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 'ஒப்புதல்' என்று தலைப்பில் வரும் தொகையும் கைக்கு வரும் தொகையும் வேறாக இருப்பதற்கு இதுவே காரணம். அடுத்தமுறை செய்தியில் பெரிய எண்ணைப் பார்த்தால், அது ஒப்புதலா, விடுவிப்பா, அல்லது எப்படியும் வரவேண்டிய வழக்கமான தவணையா என்று பாருங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கு 944.80 கோடி என்று அறிவிப்பு வந்தது. அது அந்த ஆண்டின் மத்தியப் பங்கின் இரு தவணைகளையும் ஒன்றாக விடுவித்தது. புயலுக்கென்று தேசிய நிதியிலிருந்து 522.34 கோடி ஒப்புதலானது 2025 ஏப்ரலில்.

அப்படியானால் நிரந்தரச் சீரமைப்புக்கு என்னதான் வழி? 15ஆவது நிதிக்குழு இதில் ஒரு நல்ல மாற்றத்தைச் செய்தது. மாநிலத்துக்கான பேரிடர் நிதி முழுவதையும் நூறாக வைத்தால், 20 பேரிடரின் பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் தணிப்புப் பணிகளுக்கு, 40 மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 மறுகட்டமைப்புக்கு, 10 முன்தயாரிப்புக்கு என்று பிரித்தது. மறுகட்டமைப்புக்கு முதல்முறையாகத் தனி அறை கிடைத்தது. ஆனால் அறை சிறியது. தமிழ்நாட்டின் 2023–24 கணக்கில் இந்தப் பங்கு 450 கோடி அளவில் வருகிறது. ஒரே புயலுக்கு மாநிலம் சொன்ன நிரந்தரப் பணித் தேவை 12,659 கோடி. தேசிய நிதியிலும் இதே போன்ற அறை உண்டு. அதற்கான வழிகாட்டு நெறிகளை உள்துறை அமைச்சகம் 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. இதன்படி, தண்ணீர் வடிந்தபின் மாநிலம் விரிவான தேவை மதிப்பீடு செய்து, மீட்புத் திட்டம் ஒன்றை ஒப்படைக்க வேண்டும். இமாச்சலப் பிரதேசம் 2023 மழைச் சேதத்துக்கு இப்படித்தான் 2,006.40 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்றது. அதில் மத்தியப் பங்கு 1,504.80 கோடி. ஒப்புதல் வந்தது 2025 ஜூனில். இரண்டு ஆண்டுகள்! 15ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் வரை. அதன்பின் தொகைகள் 16ஆவது நிதிக்குழுவின் பரிந்துரையைப் பொறுத்தவை.

இன்னொரு வழி கடன். வயநாடு நிலச்சரிவுக்குப் பின் கேரளத்துக்கு 16 திட்டங்களுக்காக 529.50 கோடியை 50 ஆண்டு வட்டியில்லாக் கடனாக மத்திய அரசு 2025 பிப்ரவரியில் அனுமதித்தது. மார்ச் 31க்குள் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு! ஒன்றரை மாதத்தில் பள்ளியும் சாலையும் கட்டச் சொல்வதற்கு, பணம் இல்லை என்றே சொல்லியிருக்கலாம் என்று அப்போது பலருக்கும் தோன்றியது.

இவையெல்லாம் போக மீதம் மாநில பட்ஜெட்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி 2024 செப்டம்பரில் திறந்த தென்பெண்ணைப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றே மாதத்தில், சாத்தனூர் அணையிலிருந்து பாய்ந்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. உடனடிப் பழுதுபார்ப்பு விதி இப்படிப்பட்ட இடத்தில் தருவது மாற்றுப்பாதைக்கான செலவுதான். புதுப் பாலம் என்பது புது மதிப்பீடு, புது நிர்வாக அனுமதி, புது டெண்டர்.

உங்கள் ஊரில் சேதம் என்றால் என்ன செய்வது? பொதுச் சொத்துக்குத் தனிநபர் விண்ணப்பப் படிவம் எதுவும் கிடையாது. சொத்து யாருடையதோ அந்தத் துறைதான் மதிப்பீடு தயாரித்து மாவட்ட ஆட்சியர் வழியாக அனுப்ப வேண்டும். ஆகவே முதல் வேலை, சொத்து யாருடையது என்று தெரிந்துகொள்வது. ஒரே சாலை ஊருக்குள் ஊராட்சியுடையதாகவும், ஊர் எல்லையில் ஒன்றியத்துடையதாகவும், பாலத்தருகே நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கும். ஏரியும் அப்படித்தான்: பெரியது நீர்வளத் துறை, சிறியது ஊராட்சி ஒன்றியம். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு, வெள்ளக் காலத்தில் அங்கேயே கிடக்கும்.

மத்தியக் குழு வருவதற்குமுன் எடுத்த படங்களுக்கு மதிப்பு அதிகம். நாளும் இடமும் பதிவாகும்படி, முழுக் கட்டடமும் தெரியும்படி ஒன்று, சேதம் மட்டும் அருகில் ஒன்று. கூரை ஓடு சரிந்த வகுப்பறையை மறுநாளே பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டு, மூன்றாம் நாள் வரும் பொறியாளரிடம் வெறுந்தரையைக் காட்டுவது நம் வழக்கம். படம் எடுத்தபின் பெருக்குங்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் தாசில்தாருக்கும் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊரானால் அவருக்கும் ஒரு படி. நவம்பர், டிசம்பரில் புயல் வந்தால் அடுத்த வழக்கமான கிராமசபை ஜனவரி 26இல்தான். அதற்குள் சிறப்புக் கூட்டம் கேட்கலாம்.

மனுவில் இரண்டு வேலைகளையும் பிரித்து எழுதுவது மிக முக்கியம். 'பள்ளிக் கட்டடம் சேதம், சரிசெய்து தரவும்' என்று எழுதினால் அலகுக்கு இவ்வளவு என்ற பட்டியலில் போய்விடும். கூரையை ஒட்டிக் கணக்கை முடித்துவிடுவார்கள். தற்காலிகமாக இது வேண்டும், நிரந்தரமாகப் புதுக் கட்டடம் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டால், இரண்டாவதை மாநிலத்தின் பள்ளிக் கட்டடத் திட்டங்களுக்கு எடுத்துச் செல்லப் பிடிமானம் கிடைக்கும்.

வேலை தொடங்கியபின் கண்காணிப்பும் தேவை. இயற்கைப் பேரிடர் நேரத்து அவசரக் கொள்முதலுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 விலக்கு அளிக்கிறது. நியாயமான விலக்குதான், உடைந்த கரைக்குமுன் டெண்டர் தேதி பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எத்தனை மணல் மூட்டை போட்டார்கள் என்பதைத் தண்ணீர் வடிந்தபின் யாரும் எண்ண முடியாது என்பதும் ஒப்பந்ததாரர்களுக்குத் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டின் நகல், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், எந்த நிதித் தலைப்பில் செலவானது ஆகிய மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.