ஒன்ராறியோவில் பள்ளிப் பிள்ளைகளின் 40 மணித்தியாலச் சமூக வேலை: எது கணக்கில் வரும், எது வராது

மே மாதம் பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரித்தான் இருக்கும். "அண்ணை, மகனுக்கு இன்னும் 28 மணித்தியாலம் கிடக்காம், உங்களுக்குத் தெரிஞ்ச கோயில் ஆட்கள் ஆராவது ஒரு கையெழுத்துப் போட்டுத் தருவினமோ?" செய்யாத வேலைக்குக் கையெழுத்து வாங்கித் தரமாட்டேன். ஆனால் விதி என்ன என்பதை எழுதிவைத்தால் அடுத்த மே மாதமாவது எனக்கு நிம்மதி.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் எடுக்க, பாடங்களில் தேறினால் கிடைக்கும் 30 கிரெடிட்டும் எழுத்தறிவுத் தேர்ச்சியும் மட்டும் போதாது, சம்பளம் வாங்காமல் சமூகத்துக்கு 40 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். 1999இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளில் இருந்து இந்த விதி இருக்கிறது. இதற்குப் புள்ளி இல்லை, கிரெடிட் இல்லை, ஆனால் முடிக்காவிட்டால் சான்றிதழும் இல்லை. எல்லாப் பாடத்திலும் 95 எடுத்த பிள்ளைக்கும் இதேதான். கோவிட் காலத்தில் 2020இல் படிப்பை முடித்தவர்களுக்கு இதைக் கேட்கவில்லை, அடுத்த இரண்டு வருடமும் 20 ஆகக் குறைத்தார்கள். அதனால் "அக்கா 20தானே செய்தவ" என்று சின்னவன் சொன்னால் நம்பிவிடாதீர்கள், இப்போது பழையபடி 40.

எட்டாம் வகுப்பு முடிந்து வருகிற கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். இது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து பாதியில் வந்து சேர்ந்த பிள்ளை என்றால் எத்தனை மணித்தியாலம் செய்ய வேண்டும் என்பதை அதிபர்தான் தீர்மானிப்பார், போய்க் கேளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு பள்ளிச் சபையும் ஏற்றுக்கொள்ளும் வேலைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உணவு வங்கியில் ரின்களைப் பிரித்து அடுக்குவது, நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்குவது, தனியாக இருக்கிற பக்கத்து வீட்டு ஐயாவுக்குக் காசு வாங்காமல் பனி அள்ளிக் கொடுப்பது எல்லாம் வழக்கமாகச் செல்லும். பட்டியலில் இல்லாத வேலை என்றால் முதலில் அதிபரின் அனுமதி, பிறகுதான் வேலை. செய்துவிட்டுப் போய்க் கேட்டால் முழுதும் வீணாகலாம்.

எங்கட ஆட்கள் வழுக்கி விழுகிற இடம் மாமாவின் கடை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளை சும்மா செய்தாலும் அது கணக்கில் வராது. அதேபோல வீட்டு வேலையும் வராது. அம்மம்மாவைப் பார்த்துக்கொண்டான், தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவந்தான் என்றால் நல்ல பிள்ளைதான், ஆனால் மணித்தியாலம் பூச்சியம். வகுப்பு நேரத்தில் செய்வதும் செல்லாது, மதிய இடைவேளையில் செய்தால் பரவாயில்லை. வயதுக்கும் கட்டுப்பாடு உண்டு: தொழிற்சாலை என்றால் 15 நிரம்பியிருக்க வேண்டும், மற்ற வேலைத்தளங்களில் 14க்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். மருந்து கொடுக்கிற வேலை, வாகனம் ஓட்டுகிற வேலை எந்த வயதிலும் இல்லை.

அடுத்தது, செய்த மணித்தியாலங்களை எழுதிக் கையெழுத்து வாங்கிப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற படிவம். இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். மகள் ஒரு கோயில் தேர்த்திருவிழாவில் மூன்று நாள் வெயிலில் நின்று மோர் ஊற்றினாள், கை முழுக்கக் கறிவேப்பிலை வாசம். படிவத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். மாசி மாதம் போனால் நிர்வாகசபை மாறிவிட்டது, பொறுப்பாக நின்றவர் ஊரிலேயே இல்லை, புதியவருக்கு இவளை யாரென்றே தெரியாது. 18 மணித்தியாலம் மோரோடு மோராகப் போனது. அதற்குப் பிறகு படிவம் அவளுடைய பையிலேயே இருந்தது. வேலை முடிந்த அன்றே பொறுப்பாளரின் கையெழுத்து, 18 வயதுக்குக் கீழே என்பதால் இரவு வீட்டில் என் கையெழுத்து, கைபேசியில் ஒரு படம், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக் கைடன்ஸ் (மாணவர் ஆலோசனை) அலுவலகம்.

இன்னும் 28 மணித்தியாலம் மிச்சமிருக்க மே மாதத்தில் நிற்கிறவர்களுக்கு: படிவம் கொடுக்கக் கடைசித் திகதி எது என்று நாளைக்கே பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். பிறகு ஒரு உணவு வங்கிக்கோ முதியோர் இல்லத்துக்கோ பிள்ளையே அழைத்துப் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். ஒரு நாளைக்கு 7 மணித்தியாலம் என்று பார்த்தால் நாலு சனிக்கிழமை.