ஏலா என்றால் எந்த மரம்?

தாவீதின் மகன் அப்சலோம் கோவேறு கழுதையில் போகும்போது மரத்தில் தலை மாட்டித் தொங்கினானே, அந்த மரத்தைத் தமிழ் பைபிள் 'பெரிய கர்வாலி மரம்' என்கிறது. கர்வாலி என்றால் ஓக். ஆனால் எபிரேய மூலத்தில் இருப்பது ஏலா என்ற சொல், தாவீது கோலியாத்தை வீழ்த்திய ஏலா பள்ளத்தாக்குக்குப் பெயர் கொடுத்த அதே சொல். இன்றைய எபிரேயத்தில் ஏலா ஓக் இல்லை, பிஸ்தா இனத்து மரம், நம் மாவுக்கும் முந்திரிக்கும் சொந்தம். பட்டையைக் கீறினால் பிசின் வடியும். டர்பன்டைன் என்ற பெயரே இந்த மரத்தின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் ஏன் இந்தக் குழப்பம்? பழைய எபிரேயத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்துதான் எழுதுவார்கள். ஆலெப், லாமெத், ஹே என்று மூன்று எழுத்து இருந்தால் அதை ஏலா என்று படித்தால் மரம், எல்லே என்று படித்தால் 'இவை', ஆலா என்று படித்தால் சத்தியம். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காத மெய்யை இடம் பார்த்துப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. உயிர்க்குறிகளைப் போட்டவர்கள் மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள், அதுவும் கி.பி. முதல் ஆயிரத்தின் பிற்பகுதியில். ஓக்குக்கான அல்லோனுக்கும் 'பெரிய மரம்' என்ற பொருளில் வரும் ஏலோனுக்கும் எழுத்துகள் ஒன்றே, குறிதான் வேறு.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை மம்ரே என்ற இடம். ஆபிராம் கூடாரம் போட்டது மம்ரேயின் ஏலோன் மரங்களருகே. பழைய அரமேய மொழிபெயர்ப்பு அதைச் சமவெளி ஆக்கிவிட்டது. தமிழிலும் 'மம்ரேயின் சமபூமி'. மரமே காணோம்!

அரமேயத்தில் இலான் என்றால் வெறும் 'மரம்', எந்த மரமும். அதனால் ஏலா, ஏலோன் எல்லாம் ஒருகாலத்தில் தனியாக நிற்கும் பெரிய மரத்தைத்தான் குறித்திருக்கும், வகைப்பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏசாயா 6:13-இல் ஏலாவும் அல்லோனும் பக்கத்துப் பக்கத்தில், வெட்டினாலும் அடிமரம் நிற்கும் மரங்களாக வருகின்றன. ஆக, அங்கே இரண்டும் வேறு வேறு மரங்கள் என்றே தோன்றுகிறது. இரண்டுமே வெட்டிய அடியிலிருந்து துளிர்க்கக்கூடியவை, உவமை பொருந்துகிறது.

சரி, ஏலா பள்ளத்தாக்கு? அரபியில் அதற்கு வாதி அஸ்-சன்ட் என்று பெயர், வேல மரப் பள்ளத்தாக்கு.